ஒரு மீட்டர் இடைவெளியில காணாமப் போற பாலம்

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து சிதம்பரத்துக்கு பைக்ல கிளம்பறீங்க. கெடிலம் பாலத்தைத் தாண்டினா திருப்பாதிரிப்புலியூர், அப்புறம் தெற்கே போயிட்டே இருக்கலாம். உங்களுக்கு இது ஒரே ரோடு. போக்குவரத்தைக் கணிக்கிற சாஃப்ட்வேருக்கு இது துண்டு துண்டா வெட்டின கோடு.

2004-ல தொடங்கின ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல ரோடுங்கறது புள்ளிகளைக் கோத்த கோடு, அவ்வளவுதான். கணிப்புக்கு, ரோடுகள் சந்திக்கிற இடத்துல எல்லாம் அதை வெட்டணும். ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், வேகம், லேன், ஒருவழியா இல்லையான்னு எல்லாம் வேணும். வேகம் குறிக்காத ரோடுகள்தான் அதிகம். அங்க ரோட்டோட வகையைப் பாத்து நாமளே ஒரு வேகம் வெக்கறோம் (ஊகம்தான், வேற வழியில்ல).

பெரிய ஆபத்து வேற. பாலத்துக் கோடும் கரையில இருக்கற ரோட்டுக் கோடும் ஒரே புள்ளியில சேரணும். ஒரு மீட்டர் தள்ளி முடிஞ்சிருக்குன்னு வெச்சுக்கோங்க. ஸ்க்ரீன்ல ஒட்டின மாதிரிதான் தெரியும். ஆனா சாஃப்ட்வேருக்கு அங்க பாலமே கிடையாது. வண்டி எல்லாத்தையும் வேற பாலத்துக்குச் சுத்தி அனுப்பிடும். கணக்குல கெடிலம் பாலம் காலி. அதை நம்பி 'இங்க நெரிசல் இல்ல'ன்னு ஒருத்தர் ரிப்போர்ட் எழுதிட்டா?

சிதம்பரத்துல மேப் சரியா இருந்தாலும் தப்பாகும். நடராஜர் கோயிலைச் சுத்தி இருக்கற நாலு வீதியிலயும் மார்கழில தேர் ஓடும், பஸ் ஓடாது. சராசரி நாளுக்குப் போட்ட கணக்குக்கு இது தெரியாது. அன்னைக்கு மட்டும் அந்தத் துண்டுகளை எடுத்துட்டுத் திரும்ப ஓட்டிப் பாக்கணும்.