ஊரே கொண்டாட... ஹாஸ்டலில் நாலு பேர்!

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஹீரோ வெளிநாட்டில் படிக்கிறார். டிசம்பர் மாதம். பஞ்சு மாதிரி பனி கொட்டுகிறது. கழுத்தில் மஃப்ளர், கையில் காபி, பக்கத்தில் ஹீரோயின்... டூயட் முடிகிற நேரத்தில் ஊரே கூடி ‘ஹேப்பி நியூ இயர்’ என்று கத்தும்.

ஸாரி, அந்த டூயட் சமாசாரம் எனக்குத் தெரியாது. பனி, பண்டிகை, பசி - இந்த மூன்றைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன்.

2023 அக்டோபரில் சென்னையிலிருந்து எக்ஸ்சேஞ்ச் மாணவனாக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்குப் போனேன். ஒரே ஒரு செமஸ்டர். அக்டோபரில் ஆரம்பித்து மார்ச் வரை. நடுவில் கிறிஸ்துமஸை ஒட்டி ரெண்டு வார லீவு. அந்த லீவு ஜெர்மன் பையனுக்கு அம்மா சமையல். நமக்கு? அதுதான் விஷயம்.

கஷாயத்துக்கு டெபாசிட்!

நவம்பர் கடைசியிலேயே ஊர் ஜகஜ்ஜோதியாகிவிடும். டிரெஸ்டனின் கிறிஸ்துமஸ் சந்தை 1434-ல் தொடங்கியது. கொலம்பஸ் அமெரிக்காவில் கால் வைப்பதற்கு 58 வருஷம் முன்னாடி! சர்க்கரைத் தூளில் புரட்டியெடுத்த ‘ஷ்டோலன்’ என்கிற உலர்பழ ரொட்டி, மர பொம்மைகள், பொறித்த சாஸேஜ் வாசனை... தி.நகர் ரங்கநாதன் தெருவை ஃப்ரிட்ஜுக்குள் வைத்த மாதிரி இருக்கும்.

எல்லோர் கையிலும் ஆவி பறக்க ஒரு கப். கிராம்பு, பட்டை, ஆரஞ்சு போட்டுக் காய்ச்சின ஒயின். ‘க்ளூவைன்’ என்று பேர். சுருக்கமாகச் சொன்னால், ஒயின் கஷாயம். குடிக்காதவர்களுக்குப் பழரசக் கஷாயமும் உண்டு. கப்புக்குத் தனியாக டெபாசிட். திருப்பிக் கொடுத்தால் காசு வாபஸ். எதைப் பார்த்தாலும் யூரோவை ரூபாயால் பெருக்கிப் பார்க்கும் வியாதி நம்மவர்களுக்கு உண்டல்லவா? ஒரு கப் கஷாயத்தின் விலையில் நம்ம ஊரில் நாலு பேர் டிபன் சாப்பிடலாம்!

சாயங்காலம் நாலு மணிக்கே கும்மிருட்டு. ஆனால் ஒவ்வொரு ஜன்னலிலும் வில் மாதிரி வளைந்த ஒரு விளக்கு வரிசை. பக்கத்து மலைப்பிரதேசத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆரம்பித்து வைத்தது. குளிர்காலத்தில் விடியுமுன் குழிக்குள் இறங்கி, இருட்டினபின் மேலே வருவார்கள். வெளிச்சத்துக்கு ஏங்கின ஜனங்கள். அந்த ஏக்கம்தான் இன்றைக்கு ஜன்னல் அலங்காரம்.

ஃப்ரிட்ஜில் போன டிக்கெட்

எனக்கும் ஊருக்கு வரத்தான் ஆசை. டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்திருந்தேன். அப்போதுதான் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியது. எங்கள் வீடு வேளச்சேரியில். தரைத்தளம். ரெண்டு நாள் போன் கிடைக்கவில்லை. இங்கே க்ளாஸில் புரொபசர் பாடம் நடத்த, நான் பெஞ்சுக்கடியில் அம்மா நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அப்பா பேசினார். “நாங்க மாடி வீட்ல இருக்கோம்டா. உசுருக்கு ஒண்ணுமில்ல. ஃப்ரிட்ஜும் வண்டியும் போச்சு.”

டிக்கெட் பணம் ஃப்ரிட்ஜாக மாறியது. “வராதேடா, அங்கயே நல்லா இரு” என்றாள் அம்மா. ‘வராதே’ என்று அம்மா சொல்வது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று நாள் கர்ஃப்யூ

அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். டிசம்பர் 25, 26 ரெண்டும் அரசு விடுமுறை. 24-ம் தேதி வழக்கமாக மதியம் ரெண்டு மணிவரை திறப்பார்கள். 2023-ல் அந்த 24 ஞாயிற்றுக்கிழமையாக வந்து தொலைத்தது. ஆக, மூன்று நாள் முழு அடைப்பு! பஸ் கண்டக்டர் மாதிரி சில்லறையை எண்ணி, 23-ம் தேதியே அரிசி, பருப்பு, தக்காளி, வெங்காயம் வாங்கிப் போட்டுவிட்டேன். ஊரிலிருந்து வந்த சீனியர் புண்ணியவான் முதல் வாரமே எச்சரித்திருந்தார்.

24-ம் தேதி சாயங்காலம் வெளியே போய்ப் பார்த்தேன். சந்தையைக் காணோம். டிராமில் டிரைவரைத் தவிர ஆளில்லை. வெள்ளைக் கிறிஸ்துமஸும் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லா ஜன்னலிலும் விளக்கு, எல்லாக் கதவும் சாத்தல். அங்கே பரிசுப் பொட்டலம் பிரிப்பது 24 ராத்திரிதான். குடும்பம் மட்டும்.

நம்ம தீபாவளி தெருவில் நடக்கிறது. யாரும் கூப்பிடாவிட்டாலும் பக்கத்து வீட்டுச் சரவெடி நம்ம காதில் வெடிக்கும். அவர்கள் பண்டிகை கதவுக்குள்ளே. அழைப்பு இருந்தால்தான் உண்டு. ஒரு மாசம் ஊரோடு தோள் இடித்துவிட்டு, பண்டிகையன்று தெருவில் தனியாக நிற்பது இருக்கிறதே... அதை எந்த சினிமாவும் காட்டினதில்லை.

ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். எங்கள் மாடியில் மிச்சம் நாலு பேர். நைஜீரியாக்காரர் ஒருவர், மெக்ஸிகோக்காரர் ஒருவர், வியட்நாம் பெண் ஒருத்தி, நான். மூன்று மாசமாக ‘ஹலோ’வைத் தாண்டாத ஆசாமிகள். நைஜீரியர் தக்காளியும் மிளகாயும் போட்டு ‘ஜொலோஃப்’ சாதம் கிண்டினார். நம்ம தக்காளி சாதத்துக்குத் தூரத்துச் சொந்தம்! நான் ரசம் வைத்தேன். மெக்ஸிகோக்காரர் மூணு டம்ளர் குடித்துவிட்டு, “இந்த சூப் என்ன விலை?” என்று கேட்டார். ஒவ்வொருத்தர் வீட்டிலிருந்தும் வீடியோ கால் வந்தது. எல்லா அம்மாவும் கேட்ட கேள்வி ஒன்றுதான், பாஷைதான் வேறே: “சாப்பிட்டியா?”

சாம்பிராணிப் பாட்டி

26-ம் தேதியன்று அங்கே சொந்தபந்தங்களைப் பார்க்கப் போவார்கள். என் பக்கத்து ரூம் ஜெர்மன் பையன் போன் பண்ணினான். “எங்க வீட்டுக்கு வர்றியா? மூணு மணிக்குக் காபி.” மூணு என்றால் மூணு. ராகுகாலம் பார்க்கிற மாமாகூட அவ்வளவு கறார் கிடையாது.

மலையடிவாரத்தில் சின்ன கிராமம். வாசலில் ஷூவைக் கழற்றி உள்ளே கால் வைத்தால், கமகமவென்று சாம்பிராணி வாசனை! ஒரு மர பொம்மை, வாயில் பைப் வைத்துப் புகை விட்டுக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் குந்திரிக்கம் கலந்த சின்னக் கூம்பு ஒன்றைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீடு அப்படித்தான் மணக்கும்.

பையனின் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஊர் எது என்று விசாரித்தார். பேரன் மொழிபெயர்த்தான். வெள்ளம் வந்த கதையைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “2002-ல் எங்களுக்கும் வந்தது” என்றார். அந்த ஆகஸ்ட்டில் டிரெஸ்டனில் எல்பே நதி 9.40 மீட்டருக்கு ஏறியது. நதியோரம் இருந்த தங்கை வீட்டில் சேறு அள்ளவே ஒரு மாசம் ஆயிற்றாம். கடைசியில் கேட்டார்: “உங்கம்மா ஃப்ரிட்ஜ் வாங்கிட்டாங்களா?”

வாங்கியாச்சு பாட்டி என்றேன். கிளம்பும்போது ஒரு முழு ஷ்டோலனைக் கையில் திணித்தார்.

டிசம்பர் 31 ராத்திரி எல்லாமே தலைகீழ்! வருஷம் பூரா ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பவர்கள், அன்றைக்குத் தெருவில் இறங்கி வெடித்துத் தள்ளுகிறார்கள். வருஷக் கடைசியில் மூன்றே நாள்தான் பொதுஜனத்துக்குப் பட்டாசு விற்பனை. கந்தகப் புகையில் நின்றுகொண்டு, பர்ஸ்ட் க்ளாஸ் தீபாவளி கொண்டாடினோம், நாங்கள் நாலு பேரும்.

போகிறவர்கள் கவனத்துக்கு: அரிசியை 23-ம் தேதியே வாங்கிவிடுங்கள். ரசப்பொடி ரெண்டு பாக்கெட் அதிகம் எடுத்துப் போங்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் ‘சிரமம் வேண்டாம்’ என்று நாகரிகம் பார்க்காதீர்கள். அங்கே ஒப்புக்குக் கூப்பிடும் வழக்கம் குறைவு. கூப்பிட்டால் கூப்பிட்டதுதான்.

போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கலன்று மெஸ் மூடியிருக்க, மேன்ஷன் ரூமில் பிஸ்கட் தின்று பொழுதைக் கழித்தவர்களுக்கு நான் சொன்னது எதுவும் புதிதல்ல. இப்போது நம்ம ஊரிலும் அஸ்ஸாம் பையன் இருக்கிறான், ஒடிசா பையன் இருக்கிறான். உங்கள் ஆபீஸ் கேன்டீனில், பக்கத்து ஸீட்டில். பண்டிகை லீவுக்கு அவன் ஊருக்குப் போகவில்லையென்று தெரிந்தால், மூணு மணி காபிக்குக் கூப்பிடுங்கள்.

காபியே போதும், சார். மிச்சத்தை உங்கம்மா பார்த்துக்கொள்வார்!