உட்கார்ந்தால் எழ முடியாத நாற்காலி: ஆம்ப்ராஸ் கோட்டை தெரியுமா?

விருந்தாளியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இரும்புப் பிடிக்குள் சிக்கவைத்து, "கலத்தில் உள்ள ஒயின் முழுவதையும் குடித்தால்தான் விடுவேன்" என்று அடம்பிடித்த இளவரசர் ஒருவர் இருந்தார், தெரியுமா? ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரை ஒட்டிய குன்றின் மேல் நிற்கும் ஆம்ப்ராஸ் கோட்டையில்தான் இந்தக் கூத்து! ஆண்களுக்குப் பீப்பாய் வடிவக் கண்ணாடிக் கலம், பெண்களுக்குக் கப்பல் வடிவக் கலம். குடித்து முடித்தவர்கள் கையெழுத்துப் போடத் தனிப் புத்தகமே உண்டு. அந்தப் புத்தகங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. கையெழுத்து நேராக இருக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்!

அந்த இளவரசர் டிரோல் நாட்டை ஆண்ட இரண்டாம் ஃபெர்டினாண்ட் (1529–1595). பேரரசரின் மகன், காதலித்ததோ ஆக்ஸ்பர்க் வணிகர் குடும்பத்துப் பெண் ஃபிலிப்பினே வெல்சரை. 1557இல் ரகசியக் கல்யாணம். பிறந்த குழந்தைகளை வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போனதாகக் காட்டி, தாமே எடுத்து வளர்த்தார்களாம்! ஃபிலிப்பினேயின் குளியல் தொட்டியை இப்போதும் பார்க்கலாம். செம்புத் தகடு பதித்துத் தரைக்குள் இறக்கிய அதன் ஆழம் 1.6 மீட்டர். தொட்டி என்பதைவிடக் குட்டிக் கிணறு என்றே சொல்லலாம்.

ஃபெர்டினாண்டுக்குச் சேகரிப்புப் பித்து. பேர்பெற்ற தளபதிகளுக்கும் மன்னர்களுக்கும் எழுதி, அவர்கள் அணிந்த கவசங்களைக் கேட்டு வாங்கினார். அவற்றை வைக்கவென்றே கீழே தனிக் கட்டடம் கட்டினார். அங்கே பார்ட்ல்மே போன் என்ற ராட்சத மனிதரின் கவசம் நிற்கிறது; நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்! அரண்மனையில் இருந்த குள்ளர் தோமெலேயோ, 1568இல் மியூனிக்கில் நடந்த ஒரு அரச கல்யாண விருந்தில், கவசம் அணிந்து பலகாரத்துக்குள்ளிருந்து குதித்தவர்!

கண்ணை எடுக்க முடியாதவை ஓவியங்கள்தான். டெனெரிஃப் தீவில் பிறந்த பெட்ருஸ் கொன்சால்வுஸுக்கு முகமெல்லாம் ரோமம். சிறுவனாகப் பிரெஞ்சு அரசவைக்குக் கொண்டுபோகப்பட்டவர், லத்தீன் படித்து, மணமுடித்து, பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார். ஓவியத்தில் அவர் உடுத்தியிருப்பது அரசவைக்கேற்ற பகட்டான அங்கி. பின்னணியைப் பாருங்கள், குகை! லத்தீன் தெரிந்த மனிதரைக் குகைவாசியாக நிறுத்திவிட்டார்களே என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்த ஓவியங்கள் இங்கே இருப்பதாலேயே, உடலெங்கும் ரோமம் வளரும் அந்த அரிய நிலைக்கு 'ஆம்ப்ராஸ் சிண்ட்ரோம்' என்று மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள்.

இன்னொரு ஓவியத்தில், கண் வழியே ஈட்டி நுழைந்து தலையின் பின்பக்கம் வெளியே வந்த நிலையில் நிற்கிறார் கிரெகோர் பாசி என்ற ஹங்கேரிப் பிரபு. அதன் பிறகும் உயிரோடு இருந்தாராம்! கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். இதேபோல் இரும்புக் கம்பி தலையைத் துளைத்தும் பிழைத்த நம் காலத்து நோயாளி ஒருவரை வைத்து, அது நடக்கக்கூடியதே என்று 2010இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். டிராகுலா கதைக்குப் பெயர் கொடுத்த மூன்றாம் விளாட்டின் புகழ்பெற்ற ஓவியமும் இங்கேதான். நீண்ட மூக்கு, முறுக்கு மீசை, முத்துப் பதித்த சிவப்புத் தொப்பி!

நெப்போலியன் போர்களின்போது, 1806இல், சேகரிப்பில் பெரும்பகுதி வியன்னாவுக்குப் போனது. அப்படிப் போனவற்றில் ஒன்று, இத்தாலியச் சிற்பி செல்லினி பொன்னில் செய்த உப்புக் கிண்ணம். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸ் ஃபெர்டினாண்டுக்குத் தந்த பரிசு அது. 2003இல் வியன்னா அருங்காட்சியகத்திலிருந்து களவுபோய், 2006இல் காட்டில் புதைத்திருந்த ஈயப் பெட்டிக்குள் கிடைத்தது. திருடியவரின் தொழில் என்ன தெரியுமா? திருட்டைத் தடுக்கும் அலாரம் பொருத்துவது!