விருந்துக்குக் காரமுட்டை



பிறந்தநாள் விழா, பள்ளியின் ஆண்டிறுதி விருந்து என நாலு பேர் கூடும் இடங்களில் ஒரு முட்டைப் பலகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சள் கருவை எடுத்துக் காரசாரமாகப் பிசைந்து, மீண்டும் அதே குழியில் நிரப்பி வைப்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'டெவில்டு எக்' என்று பெயர். என் வகுப்புப் பிள்ளைகள் இதைப் 'பேய் முட்டை' ஆக்கிவிட்டார்கள்! அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காரம் மிகுந்த பண்டங்களுக்குச் சாத்தானின் பெயரைச் சூட்டும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயரிடம் இருந்தது. பண்டமோ அதனினும் பழையது. 13ஆம் நூற்றாண்டில் தென் ஸ்பெயினில் அரபு மொழியில் எழுதப்பட்ட சமையல் நூலொன்றில், மஞ்சள் கருவைக் கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு சேர்த்துப் பிசைந்து நிரப்பும் முறை காணப்படுகிறது.

இதைச் செய்வது எளிது. கெடாமல் பரிமாறுவதுதான் கடினம். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆண்டிறுதி விருந்துக்கு இரண்டு தட்டு முட்டை, அதாவது அறுபது முட்டைகள் அவித்தோம். விடியற்காலையிலேயே நிரப்பி, ஈரத்துணி போட்டு மூடி, மேசைமேல் அடுக்கி வைக்கச் சொன்னவன் நான்தான். விருந்து பதினொரு மணிக்கு என்றோம். விருந்தினர் வந்து, உரைகள் முடிந்து, பந்தி தொடங்கும்போது மணி ஒன்றரை. மாலைக்குள் நான்கு பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். மறுநாள் தேறிவிட்டார்கள் என்றாலும், அன்றிரவு நான் உறங்கவில்லை. அன்று யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் முட்டையை நிரப்பிக் கொடுத்த அம்மா ஒருவரின் விரலில், மரம் சீவும் கத்தி பட்ட காயம் ஒன்று இருந்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன்.

முட்டை நன்கு வெந்துவிட்டால் அதிலுள்ள கிருமிகள் மடிந்துவிடுகின்றன. ஆனால் ஓட்டை உரித்து, பிளந்து, பிசைந்து, நிரப்பும்போது ஒவ்வொரு முட்டையிலும் நம் கை பலமுறை படுகிறது. மனிதரின் மூக்கிலும் தோலிலும், சிறப்பாகப் புண்ணிலும், 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' என்னும் நுண்கிருமி வாழ்கிறது. அது உணவில் பெருகும்போது ஒரு நஞ்சை உண்டாக்குகிறது. கிருமி இறந்தாலும் அந்த நஞ்சு எளிதில் அழிவதில்லை. மீண்டும் சூடாக்கியும் பயனில்லை. உண்ட சில மணி நேரத்திற்குள் வாந்தி வருவது இதன் இயல்பு.

வெப்பமான இடத்தில் சத்துள்ள உணவு கிடைத்தால், ஒரு கிருமி ஏறத்தாழ இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக்கூடும். இதை வகுப்பில் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டித்து 4,096 ஆகிவிடும். கரும்பலகையில் அந்த எண் வந்தபோது ஒரு பையன், "சார், அன்னிக்கு நாம எத்தனை மணி நேரம் வெச்சிருந்தோம்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

"மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்திருக்கிறோமே, கெடுமா?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. கெடும். ஊறுகாய் மாதக் கணக்கில் தாங்குவது அதில் கொட்டும் உப்பாலும் புளிப்பாலும் எண்ணெயாலும். வாயில் வைக்கத்தக்க அளவு சேர்க்கும் காரமும் புளிப்பும் கிருமிகளைத் தடுக்கப் போதா.

இனி, செய்முறைக்கு வருவோம். அன்று இட்ட முட்டையைவிட ஒரு வாரம் ஆன முட்டையே இதற்கு ஏற்றது. நாளாக ஆக, ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக் கருவின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் அது ஓட்டின் உட்தோலை இறுகப் பற்றுவதில்லை. புத்தம் புதிய கம்பத்து முட்டையை உரித்துப் பார்த்தவர்களுக்கு, வெள்ளைக் கருவில் பாதி ஓட்டோடு போகும் வேதனை தெரியும். முதல் நாளிரவு முட்டைகளைப் படுக்கவைத்தால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும். பிளக்கும்போது ஒரு பக்கம் கிழியாது.

தண்ணீர் கொதித்த பிறகு கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்கி, மெல்லிய கொதியில் பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். முப்பது முட்டைகளையும் ஒரே பானையில் போட்டால் தண்ணீர் ஆறிப்போகும். பத்துப் பத்தாக அவிப்பதே நல்லது. வெந்தவுடன் பனிக்கட்டி போட்ட நீருக்கு மாற்றுங்கள். இல்லாவிடில் உள்ளிருக்கும் சூடு மேலும் வேகவைத்து, வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து பச்சை வளையம் ஒன்று தோன்றும். அதனால் கெடுதி ஏதுமில்லை, பார்வைக்குத்தான் நன்றாயிராது.

ஒரு டசன் முட்டைக்கு நான்கு மேசைக்கரண்டி மயோனிஸ், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஐந்து, சிலி பாடி மிளகாய் மூன்று, அளவாக உப்பு. மயோனிஸ் கடையில் விற்கும் போத்தலாகவே இருக்கட்டும். வீட்டில் செய்வதில் பச்சை முட்டை சேர்வதால், விருந்துக்கு அதை நான் துணிந்து சொல்லமாட்டேன். மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறோம். விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில்தான் அது மிகுதி. அதைச் சுரண்டிவிட்டால் காரம் மட்டுப்படும். காரப்பொருள் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகையால், மஞ்சள் கருவோடு பிசைந்து சிறிது நேரம் வைத்தால் காரம் எங்கும் சீராகப் பரவும். காரம் தாங்காத பிள்ளைக்குத் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ கொடுப்பதும் இதனால்தான். சின்னப் பிள்ளைகளுக்கு மிளகாய் சேர்க்காமல் தனித் தட்டு வையுங்கள். மேலே வறுத்த நெத்திலி தூவுவது எங்கள் வீட்டு வழக்கம். பரிமாறும்போதுதான் தூவ வேண்டும், முன்னதாகத் தூவினால் நமத்துப் போகும்.

முட்டையை முதல் நாள் மாலையே அவித்து, ஓட்டோடு குளிர்பெட்டியில் வைக்கலாம். விருந்தன்று காலையில் சவர்க்காரத்தால் கை கழுவி, உரித்துப் பிளந்து, வெள்ளைக் கருவை ஒரு டப்பாவிலும் பிசைந்த கலவையை வேறொரு டப்பாவிலும் மூடி, மீண்டும் குளிர்பெட்டியிலேயே வையுங்கள். விரலில் காயமோ கொப்புளமோ உள்ளவர்களிடம் அன்றைக்கு நாற்காலி அடுக்கும் வேலையைக் கொடுங்கள். விருந்தினர் வந்து அமர்ந்த பிறகு, கையால் தொடாமல் கரண்டியால் நிரப்புங்கள். மேசைக்கு வந்த முட்டை இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியில் இருக்கக்கூடாது. வெயில் 32 பாகையைத் தாண்டும் நாளில், கூடாரத்தின் கீழ் ஒரு மணி நேரமே கணக்கு. எனவே பாதியை மட்டும் முதலில் வையுங்கள். தீரத் தீர மீதியை எடுங்கள்.

விருந்து முடிந்ததும் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவது நம் வீடுகளில் உள்ள நல்ல பழக்கம். வாழைப்பழம் கொடுங்கள், முறுக்குக் கொடுங்கள், கேக் கொடுங்கள். இந்த முட்டையை மட்டும் கட்டிக் கொடுக்க வேண்டாம்.