“நெட் போகல... நான் இங்கதான் இருக்கேன்!”

புதன்கிழமை இரவு ஒன்பது மணி. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால், காரைத் தெருவோரம் நிறுத்தி, போனை டேஷ்போர்டில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் அண்ணன் கண்ணாடியைத் தட்டினார்.

“என்ன சார், வண்டி ஸ்டார்ட் ஆகலையா?”

“ஒரு மீட்டிங்ணே.”

பாதி உண்மை. அப்பா போய் எட்டு மாதமாகியும் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிற எனக்கும், மதுரையில் இருபது வருடத்துக்கு மேல் மனநலப் பணியில் இருக்கும் ஓர் உளவியலாளருக்குமான சந்திப்பு அது. எங்கள் வீட்டில் ஐந்து பேர், இரண்டு அறை. வாய்விட்டு அழ எனக்குக் கிடைத்த தனியறை அந்தக் கார்தான்.

முதல் நாள், சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. “இப்ப எந்தத் தெருவுல இருக்கீங்க? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? லைன் கட்டாயிட்டா போன்ல கூப்பிடவா? அவசரம்னா உங்க வீட்டுல யாருக்குச் சொல்லணும்?” என்று வரிசையாகக் கேட்டார்.

பேங்க்கில் இருந்து பேசுகிறார்களோ என்று தோன்றியது. பிறகுதான் புரிந்தது. எதிர் நாற்காலியில் இருப்பவர் உடைந்துபோனால் தண்ணீர் கொடுக்கலாம், வெளியில் இருப்பவரைக் கூப்பிடலாம். 450 கிலோமீட்டருக்கு அப்பால் உடைந்தால் என்ன செய்வது? அந்த ஏற்பாடுதான் முதல் பத்து நிமிடம்.

அடுத்து ஒரு சங்கேத வார்த்தை. “நடுவுல யாராச்சும் வந்துட்டா ‘கரன்ட் பில்லு கட்டியாச்சு’ன்னு சொல்லுங்க. நான் பேச்சை மாத்திக்கிறேன்.” பிறகு, “திரையில உங்க முகம் உங்களுக்கே தெரியுதுல்ல, அதை மறைச்சிடுங்க. கண்ணாடி பாத்துக்கிட்டே யாருக்கும் அழுகை வராது.” கடைசியாக, போனைத் தள்ளி வைக்கச் சொன்னார். முகம் சமாளித்துவிடும், கை சமாளிக்காது என்பது அவர் அனுபவம்.

அட்மிஷனா, அட்வைஸா?

தமிழ்நாட்டில் ‘கவுன்சலிங்’ என்றால் இன்ஜினீயரிங் சீட்தான் முதலில் நினைவுக்கு வரும். அது இல்லையென்றால் அட்வைஸ். மாமா சொல்வார், ஆபீஸ் மேனேஜர் சொல்வார். ‘மனசைத் தைரியமா வெச்சுக்கோ’ என்பதில் முடியும். இலங்கைத் தமிழில் இதற்கு ‘உளவளத்துணை’ என்று பெயர். இங்கே ‘ஆற்றுப்படுத்துதல்’ என்றும் சொல்கிறோம். ஆறு என்றால் வழி. சங்க காலத்து ஆற்றுப்படைகளில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிர்ப்படும் பாணனுக்கு வழிதான் சொல்வான். அவனுக்காக நடக்க மாட்டான்.

என் உளவியலாளரும் நடக்கவில்லை. தூக்கத்துக்கு மட்டும் இரண்டு கறாரான விதிகள் சொன்னார்: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும்; தூக்கம் வராமல் கட்டிலில் புரளக் கூடாது, எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும். மற்றதற்கெல்லாம் அவரிடம் கேள்விகள்தான் இருந்தன.

மூன்றாவது வாரம் கேட்டார், “அப்பாகிட்ட கடைசியா என்ன பேசுனீங்க?”

எனக்கு வாய் வரவில்லை. நேரில் என்றால் மௌனம் மௌனம்தான். திரையிலோ, பேச்சு நின்றதும் நெட் போய்விட்டதோ என்று பதறுகிறோம். நானே அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், “ஹலோ மேடம், கேக்குதா?” என்றேன்.

“நெட் போகல. நான் இங்கதான் இருக்கேன். நீங்க மெதுவா வாங்க.”

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் அசையவில்லை. பிறகு வந்தது: “மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்பா”ன்னு கட் பண்ணிட்டேன்.

‘அதுக்கு நீங்க என்ன செய்வீங்க’ என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. “அந்த ‘அப்புறம்’ல என்ன பேசியிருப்பீங்க? எழுதிட்டு வாங்க” என்றார். நாலு பக்கம் வந்தது.

பஸ்ஸில் வந்த டாக்டர்

திரை வழியாக மனதைப் பார்ப்பது கொரோனாவோடு வந்த பழக்கம் இல்லை. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, 2010-லேயே புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள் திரைமுன் உட்கார்வார்; சென்னையில் இருந்து மனநல மருத்துவர் பேசுவார்; மருந்து பஸ்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கும்.

அதற்கான தேவையை 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டியது. வயதுவந்தோரில் 10.6 சதவிகிதத்தினருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருந்தது; மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றில் 100-க்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

யாரிடம் பேசுகிறோம்?

இரண்டு நாள் ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டிக்கொள்ளும் காலம் இது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும்; கேட்டுவாங்குவதில் கூச்சம் வேண்டாம். மருந்து தேவைப்பட்டால் அதை எழுதித்தர வேண்டியவர் மனநல மருத்துவர்.

சொல்வது வெளியே போகாது என்பதற்கு 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால், ஆப் வழியாகப் பேசினால் ஆப்பும் கேட்கிறது. வாடிக்கையாளர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்ற குற்றச்சாட்டில், அமெரிக்காவின் ‘பெட்டர்ஹெல்ப்’ 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

திரை எல்லோருக்கும் போதாது. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், காதில் குரல் கேட்பவர், அடிப்பவரோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஆகியோருக்கு நேரடி உதவி வேண்டும். இதைத் தானே முன்வந்து சொல்பவர்தான் அனுபவசாலி. “மூணு மணி முழிப்பு இன்னும் ஒரு மாசம் நீடிச்சா, பக்கத்துல ஒரு டாக்டரை நேர்ல பாக்கணும்” என்று என் உளவியலாளர் எனக்கும் சொல்லியிருந்தார். நீடிக்கவில்லை.

பன்னிரண்டாவது புதன் கடைசிச் சந்திப்பு. முடித்துவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தேன். கண்ணாடியில் தட்டல்.

“இன்னைக்கும் மீட்டிங்கா சார்?”

“இல்லண்ணே... கவுன்சலிங்.”

முகம் மலர்ந்தது. “அட! தம்பிக்கு எந்த காலேஜ் கெடச்சது?”

சிரித்துவிட்டேன். கீழே இறங்கி, கவுன்சலிங் எனக்குத்தான் என்றேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது.

நான் அவசரப்படவில்லை.