முதல் மழையை நம்பாத விதை

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் தெற்கே மொஹாவே என்றொரு பாலைவனம் உண்டு. அதன் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஆறு அங்குலத்துக்கும் குறைவு. சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துவிடும். அந்த மணலிலும் சரளையிலும் மாசி, பங்குனி மாதங்களில் ஒரு சிறு செடி கடும் நீல நிறத்தில் பூக்கின்றது. பாலைவன நீலமணி என்பது அதன் பெயரின் பொருள். தாவரவியலாளர் அதனை பசீலியா கம்பனுலாரியா என்பர். கம்பனுலா என்றால் இலத்தீனில் சிறு மணி.

கோடை தொடங்குமுன் இச்செடி விதை சிந்தி மடிந்துவிடும். அதன் பின் இவ்வினத்தின் உயிர் முழுவதும் மண்ணில் கிடக்கும் விதைகளில்தான் தங்கியிருக்கும். அப்படியானால், ஒரு சிறு மழைக்கு எல்லா விதைகளும் முளைத்து, அடுத்த மழை வராமற் போனால் என்னவாகும்?

பசடீனா நகரில் பணியாற்றிய ஒல்லாந்த விஞ்ஞானி ப்ரிட்ஸ் வென்ட், 1940களில் பாலைவன மண்ணை எடுத்துவந்து செயற்கை மழையில் நனைத்துப் பார்த்தார். மண் கீழிருந்து ஊறி ஈரமானபோது விதைகள் அசையவில்லை. மேலிருந்து போதிய மழை விழுந்த பின்னரே முளைத்தன. முளைப்பைத் தடுக்கும் பொருள் விதையிலிருந்து கழுவப்பட வேண்டும் என்று அவர் விளக்கினார். நல்ல மழையிலுங்கூட எல்லா விதைகளும் முளைப்பதில்லை. ஒரு பகுதி மண்ணுக்குள் காத்திருக்கும். இவ்வாறு காத்திருந்த விதைகளே 2005, 2017, 2019 ஆம் ஆண்டுகளில் நல்ல மழை கிடைத்ததும் தென் கலிபோர்னியப் பாலைநிலங்களைப் பூக்காடாக்கின.

தோட்டத்தில் வளர்க்கும் முறை

அங்குள்ளோர் இச்செடியை வீட்டுத் தோட்டங்களிலும் வளர்க்கின்றனர். அவர்கள் கைக்கொள்ளும் முறை இதுதான்:

1. குளிர்கால மழைக்கு முன், வெயில் நன்கு படும் மணற்பாங்கான இடத்தில் நேரடியாக விதைக்க வேண்டும். வேர் அசைந்தால் செடி வாடும். நாற்றுப் பிடுங்கி நடுவது உகந்ததல்ல.

2. விதை முளைக்க இருள் தேவை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கனத்துக்கு மண்ணால் மூடினால் போதும்.

3. முளைக்கும்வரை மண் ஈரமாக இருக்க வேண்டும். பின்னர் நீரைக் குறைக்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

4. பசளை வேண்டாம்.

5. செடியின் மயிர்கள் பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். கைகளை மூடிக்கொண்டு வேலை செய்வது நல்லது. தேனீக்களோ இப்பூவை விரும்பி நாடும்.

6. காய் காய்ந்து விதை உதிரும்வரை செடியைப் பிடுங்கக் கூடாது. உதிர்ந்த விதை அடுத்த பருவத்தில் தானே முளைக்கும்.

ஈரமும் வெப்பமும் மிகுந்த எமது மாரிக்கு இது ஏற்ற செடியன்று. இவ்விதையைத் தேடி அலையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வழக்கத்தை. பசித்த நாளிலும் விதைநெல்லைத் தொடாத எமது முன்னோருக்கு இது புதிதல்ல. புதிய நிலத்தில், பழக்கமில்லாத மழையோடு, ஒரு பிடி விதையை மட்டும் வைத்துக்கொண்டு கமத்தைத் தொடங்குவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. முதல் மழைக்கு அந்தப் பிடி முழுவதையும் தூவிவிடாதீர்கள். ஒரு பங்கை விதையுங்கள். மற்றப் பங்கை நன்கு உலர்த்தி, ஈரம் படாத போத்தலில் இறுக மூடி வையுங்கள். முதல் விதைப்புப் பிழைத்தாலும் கையில் விதை இருக்கும்.