வெல்டிங் படிச்சா கிரில் பட்டறை மட்டும்தானா? வெல்டர்களுக்கு எங்கெல்லாம் வேலை இருக்கு?

தேனி மாவட்டம் பெரியகுளம் அருகே உள்ள ஜெயமங்கலம் போன்ற ஊர்களில் வெல்டர் என்றாலே கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் வேலைதான் நினைவுக்கு வரும். ஆனால் ரயில் பெட்டி, கப்பல், பாய்லர் என பல துறைகளிலும் இந்தத் தொழிலுக்கு கிராக்கி உண்டு. அங்கே போக என்ன வேணும்? பார்க்கலாம்.

என்ன படிக்கணும்?

ஐ.டி.ஐ-யில் வெல்டர் பிரிவு 1 ஆண்டு படிப்பு. 8ஆம் வகுப்பு தேர்ச்சி போதும். அரசு ஐ.டி.ஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எந்த ஐ.டி.ஐ-யில் வெல்டர் பிரிவு இருக்கிறது என்பதை விண்ணப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

8ஆம் வகுப்போட நிறுத்திடலாமா?

வேண்டாம். காரணம் இரண்டு. ரயில்வே டெக்னீசியன் பணிக்கு ஐ.டி.ஐ-யுடன் 10ஆம் வகுப்பு தேர்ச்சியும் கேட்பார்கள். அடுத்தது பாஸ்போர்ட். 10ஆம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு பொதுவாக 'இ.சி.ஆர்' பாஸ்போர்ட்தான் கிடைக்கும். சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, அவர்கள் தனியாக குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும்.

எங்கெல்லாம் வேலை?

• ரயில்வே: சென்னை பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் ஐ.சி.எஃப், அப்ரண்டிஸ் பயிற்சிக்கு வெல்டர்களையும் எடுக்கிறது.

• பாய்லர்: சர்க்கரை ஆலை, அனல் மின் நிலையங்களில் அழுத்தம் தாங்கும் பாகங்களை எல்லோரும் தொட முடியாது. இந்திய கொதிகலன் விதிமுறைப்படி தேர்வாகி சான்று பெற்ற வெல்டர்தான் பற்றவைக்க முடியும். திருச்சி பெல் வளாகத்தில் 1975இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இதுபோன்ற உயர் பயிற்சிகளை அளிக்கிறது.

• கப்பல் கட்டுமானம்: நமக்குப் பக்கத்து மாநிலத்தில் கொச்சி கப்பல் கட்டும் தளம், சென்னை அருகே காட்டுப்பள்ளி.

• உள்ளூர்: காற்றாலை, நூற்பாலை பராமரிப்பு, ஏலக்காய் உலர்த்தும் கூடங்கள், விவசாயக் கருவிகள்.

அது என்ன '6ஜி'?

செல்போன் நெட்வொர்க் இல்லைங்க! 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைத்துக் காட்டும் தேர்வு. குழாயைத் திருப்ப முடியாது, வெல்டர்தான் சுற்றி வர வேண்டும். எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் முதலில் கேட்பது இதைத்தான். சாதாரண ஆர்க் வெல்டிங்கோடு மிக், டிக் முறைகளும் கைவந்தால் வாய்ப்பு கூடும்.

வெளிநாடு போறீங்களா? உஷார்!

மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்டா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும் மட்டுமே. அதற்கு மேல் ரசீது இல்லாமல் லட்சக்கணக்கில் கேட்டாலோ, 'டூரிஸ்ட் விசாவுல போ, அங்க மாத்திக்கலாம்' என்றாலோ ஒதுங்கிவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகவும் முயற்சிக்கலாம்.

கண்ணு முக்கியம்

கருப்புக் கண்ணாடி ஷீல்டு, கையுறை, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். தகரத்தில் பூசிய துத்தநாகம் எரியும் புகை காய்ச்சலையே வரவழைக்கும். 'ஒரே ஒரு டேக்தானே' என்று வெறும் கண்ணால் பார்த்தால், ராத்திரி மண் விழுந்ததுபோல் கண் உறுத்தும். பார்வை போனால் எந்தச் சான்றிதழும் சோறு போடாது.