புயல் போன பிறகு ஏழு நாள்

விசாகப்பட்டினத்தில் வசிக்கும் நம்மவர்களுக்குப் புயல் புதிதல்ல. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு பருவம் என்று வங்கக் கடல் ஆண்டுக்கு இரண்டு முறை நம்மைப் பயமுறுத்துகிறது. அக்டோபர் பிறப்பதற்குள் வீட்டை எப்படித் தயார் செய்து வைப்பது என்று எழுதும்படி சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவன் நான். 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் இந்த ஊர் மீதே கரை ஏறியபோது குடும்பத்தோடு வீட்டுக்குள் இருந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த எச்சரிக்கைக் கூண்டு விஷயம். 1-ஆம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று பத்திரிகையில் படித்ததும் சிலர் பதறுகிறார்கள். சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். 1, 2 எண்கள், தொலைவில் கடலுக்குள் ஏதோ உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்பவை. 3, 4 வந்தால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றும் ஒன்று உண்டு. வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள்! வீட்டுக்காரருக்கு இதைவிடப் பயன்படுவது வானிலைத் துறையின் மணிக்கணக்கு. பாதிப்பு தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது ஓர் அறிவிப்பு, 24 மணி நேரம் இருக்கும்போது இன்னொன்று வரும். கடைக்குப் போவதும் ஏணி வைத்து ஏறுவதும் முதல் அறிவிப்போடு முடிய வேண்டும். இரண்டாவது வந்த பிறகு கடையில் மெழுகுவத்திகூடக் கிடைக்காது.

கடற்கரையை ஒட்டித் தாழ்வான இடத்தில் இருப்பவர்களுக்கு மேலே சொல்லப்போகும் எதுவும் பொருந்தாது. அதிகாரிகள் கிளம்பச் சொன்னால் கிளம்பிவிட வேண்டியதுதான். 1977 நவம்பர் 19-இல் கிருஷ்ணா முகத்துவாரத்துத் திவிசீமையில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டதற்குப் பெரிய காரணம், காற்றோடு சேர்ந்து ஊருக்குள் ஏறிய கடல். கான்கிரீட் வீடு காற்றைத் தாங்கும். அந்தத் தண்ணீரை நம்பி யாரும் உள்ளே உட்காரக் கூடாது.

மற்றவர்களுக்கு முதல் வேலை மொட்டை மாடியில். தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் ஓர் ஆண்டுச் சருகு அடைத்திருக்கும், அதை எடுங்கள். பூந்தொட்டி, துணி காயப்போடும் கம்பு, தகரம், பழைய நாற்காலி எல்லாம் கீழே வர வேண்டும். மேல்நிலைத் தொட்டியை விளிம்புவரை நிரப்பி மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். காலியான பிளாஸ்டிக் தொட்டி காற்றில் பறந்துவிடும். ஆயிரம் லிட்டர் நிரம்பிய தொட்டியின் எடை ஒரு டன்; அது நின்ற இடத்தில் நிற்கும்.

ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவது நம் குடியிருப்பில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அது கண்ணாடி உடைவதைத் தடுப்பதில்லை. கடல் பார்த்த ஜன்னலுக்கு அளவெடுத்து வெட்டிய பிளைவுட் பலகை இருந்தால்தான் பயன். இழுத்துத் தள்ளும் அலுமினிய ஜன்னல்களின் தடத்தில் பழைய வேட்டி, துண்டுகளை அழுத்தி வையுங்கள். மழை பக்கவாட்டில் அடிக்கும்போது தண்ணீர் அதன் வழியாகத்தான் கூடத்துக்குள் பாயும். ஜன்னல் இல்லாத அறையோ நடைபாதையோ ஒன்றைத் தேர்ந்து வைத்து, காற்று உச்சத்தில் இருக்கும்போது எல்லோரும் அங்கே இருக்க வேண்டும்.

இனி, பலருக்கும் தெரியாத ஒன்று. அன்றைக்கு நண்பகல் வாக்கில் காற்று திடீரென்று நின்றது. அதுவரை வடக்கிலிருந்து அறைந்து கொண்டிருந்த காற்று. எதிர் வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துப் பையன், புயல் முடிந்தது என்று எண்ணி, தன் மோட்டார் சைக்கிளைப் பார்க்கக் கீழே இறங்கிவிட்டான். அது புயலின் கண். கண்ணைச் சுற்றிக் காற்று இடமிருந்து வலமாகச் சுற்றாமல் வலமிருந்து இடமாகச் சுற்றுவதால், கண் கடந்ததும் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். முதல் பாதியில் வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாம் பாதியில் விழும். நான் மாடிப்படியில் நின்று "லோபலிகி ரா பாபு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் சிரித்துக் கொண்டேதான் வந்தான். வண்டி நின்ற இடத்தில் சரக்கொன்றை சாய்ந்தபோது அவன் எங்கள் கூடத்தில் தலை துவட்டிக் கொண்டிருந்தான். அமைதி எவ்வளவு நேரம் நீடித்தாலும், வானொலியில் சொல்லும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.

புயல் அரை நாளில் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது எட்டாம் நாள். நான் எழுத நினைத்ததே இந்த எட்டு நாளைப் பற்றித்தான். மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் நான்காம் மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் கேனும் பாலும் வழக்கமான விலையைப் போல் பல மடங்குக்கு விற்றன. பெட்ரோல் பங்க்கில் வரிசை தெருமுனை தாண்டியது. ஏடிஎம் எல்லாம் செத்துக் கிடந்தன.

ஆகையால் என் கணக்கு இதுதான்: குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். ஐந்து பேருக்கு ஒரு வாரத்துக்கு 140 லிட்டர், அதாவது ஏழு கேன். குளியல், கழிப்பறைக்கு மேல்நிலைத் தொட்டி; அதை முதல் நாளே தாராளமாகத் திறந்துவிட்டால் இரண்டாம் நாள் காலியாகிவிடும். எங்கள் வீட்டில் என் மனைவி குழாய்களையே மூடிவிட்டுப் பக்கெட் கணக்கில் அளந்து கொடுத்தாள். பேரன்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஆறாம் நாளும் எங்களிடம் தண்ணீர் இருந்தது.

உணவுக்கு அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு ஜாடி புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், சத்துமாவு, நம் ஆந்திரத்து ஆவக்காய் இருந்தால் போதும். இட்லி மாவை நம்ப வேண்டாம், பிரிட்ஜ் ஓடாது. இரண்டாவது கேஸ் சிலிண்டரை செப்டம்பரிலேயே வாங்கி வையுங்கள். ஐந்தாறாயிரம் ரூபாய், நூறு ரூபாய்த் தாள்களாக, கையில் இருக்கட்டும். கூகுள் பே இருக்கிறதே என்று இளைஞர்கள் சொல்வார்கள், கோபுரம் சாய்ந்தால் அதுவும் சாயும். இன்சுலின் போட்டுக் கொள்பவர்கள் மண்பானையில் ஈர மணல் இட்டு, அதன் நடுவே சிறு டப்பாவில் மருந்தை வைத்துக் கொள்ளலாம். மற்ற மாத்திரைகள் பதினைந்து நாளுக்கு வேண்டும். வெளியூரில் ஒரே ஓர் உறவினரைத் தேர்ந்து வைத்து, எல்லோரும் அவருக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்புவது என்று முன்பே பேசிக் கொள்ளுங்கள். நாங்கள் திருச்சியில் இருக்கும் என் மைத்துனரை வைத்திருக்கிறோம். பேச்சு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போனது.

ஹுட்ஹுட்டுக்கு மறு வருஷம் எங்கள் குடியிருப்பில் எல்லோருமாகப் பணம் போட்டு, தண்ணீர் மோட்டாரை மட்டும் ஓட்டக்கூடிய டீசல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினோம். புகை வீட்டுக்குள் வராதபடி அதைக் காம்பவுண்டுச் சுவரோரம் வைத்திருக்கிறோம். சும்மா கிடந்தால் அது கெட்டுவிடும் என்பதால், மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கும் வேலை என்னுடையது. எதிர் வீட்டுப் பையன்தான் டீசல் வாங்கி வருகிறான்.